எல்லோரும் ரேகை வைத்த காகிதம்

கிணத்துக்கடவு,
ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் மகள் பொற்கொடிக்கு, அப்பன் ஐயாசாமி சொல்லச் சொல்ல உன் அண்ணி மௌனிகா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை இல்லை. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை மௌனிகா விடாமல் படிக்கிறாள். உன் அண்ணன் எழில் போன பிறகு அவளுக்கு எழுதப்போகிற பரீட்சைதான் கதி. நேற்று "எவ்ரிபடி இஸ், நோபடி இஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன கண்ணு அது என்றேன். "எல்லாரும்னு எத்தனை பேரைச் சொன்னாலும் இங்கிலீஷ்ல ஒத்தை ஆளுக்குப் போடற வினைதானுங்க மாமா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழில் செத்த மூன்றாம் நாள், அவன் வேலை பார்த்த தேங்காய் நார் மில்லில் ஓர் இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார்கள். மெஷினில் சிக்கிய நாரை எடுக்க அவனாகவே கையை விட்டான், பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருப்பதாகச் சூப்பர்வைசர் திருமலைசாமி சொன்னார். "எல்லாரும் ரேகை வெச்சுட்டாங்க, நீங்களும் வெச்சுப்போடுங்க. மில்லு லைன் ஊட்டுல இருக்கோணுமல்லங்க?" என்றார். வைத்துவிட்டேன்.

யாரும் இல்லையா? அவன் செத்த அன்றைக்குப் பதினொன்றே கால் மணி. பழனியாத்தாள் தலையில் பச்சைத் துண்டோடு மட்டை கொட்டிக்கொண்டிருந்தாள். தாரிக் லாரிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குக் கொண்டுபோன சோத்துப் போசியோடு வாசலில் நின்றேன். நம் பையன் உள்ளே குனிந்திருக்கும்போதே சுவிட்சைப் போட்டது திருமலைசாமி.

மௌனிகாவுக்கு இதுவரை இதைச் சொல்லவில்லை. வேறு ஆளை வைத்து எழுதியிருக்கலாம், மனசு வரவில்லை. இப்போது கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அதை எடுத்து, "மேல சொல்லுங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பார்த்ததைச் சொல்லப்போகிறேன். பழனியாத்தாளைக் கூப்பிட்டேன். "எல்லாரும் வந்தா நானும் வாரனுங்க" என்றாள். தாரிக்கும் அதையேதான் சொன்னான். நான் மட்டும் போகிறேன். மில் கொடுத்த இந்த வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

மௌனிகா இனி என் முகத்தில் விழிப்பாளோ என்னவோ. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவளைக் கைவிட்டுவிடாதே. பரீட்சை முடிகிறவரை போனில் பாடம் சொல்லிக்கொடு. உன் வீட்டில் விளக்கு குறையாமல் எரியட்டும் கண்ணு.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு வரி விடாமல் வாசித்தாள். முழுக்கக் கேட்ட பிறகுதான் கீழே ரேகை வைத்திருக்கிறேன்.

அப்பன் ஐயாசாமி