யசோதரனைத் தடைசெய்யுங்கள்

அன்புள்ள அக்கா,

காணாமல்போனவர்களைத் தேட நீங்கள் கனடாவிலிருந்து நடத்தும் முகநூல் குழுவில், நம் அண்ணாவைக் கொழும்பில் கண்டதாக எழுதிவரும் யசோதரன் நான்தான்.

போர் முடிந்து பெரியமடுவில் மீள்குடியேறிய பிறகு அம்மா சாப்பிடுவதையே விட்டிருந்தார். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் தொடங்கினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. யசோதரன் எழுதியதை நானே வாசித்துக் காட்டுவேன்.

"அந்த யசோதரன் தம்பியிட்டக் கேள் பிள்ளை, அண்ணா மெலிஞ்சிட்டானோ?" என்பார் அம்மா.

கேட்டு எழுதுவேன். பிறகு சமைக்கப் போவதுபோல் குசினிக்குள் போய் நானே பதிலும் எழுதுவேன்.

இரண்டு முறை குழுவைவிட்டு விலகினேன். அம்மா மறுபடி சோற்றைத் தள்ளிவைத்தார். நான் மறுபடி சேர்ந்தேன். நானாக விலகினால் நானாகவே திரும்பிவிடுகிறேன், அக்கா.

இப்போது அண்ணா போட்டுக்கொள்ளப் புதுச் சேட்டும் வாங்கிவிட்டார். "வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போறன். நீ வராட்டிலும் போவன்" என்கிறார்.

அதற்கு முன், யசோதரன் பொய்யன் என்று குழுவில் எழுதி, நான் திரும்ப முடியாதபடி தடைசெய்யுங்கள். நீங்கள் எழுதுவதையும் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். சுருக்கமாக எழுதுங்கள்.

உங்கள் தங்கை