உனக்காகப் போட்ட ஊசி

அக்கா,

இன்று என் தோழி யாழினியின் சட்டைக் கையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. காலையில் பக்கத்து வகுப்புப் பெண்களுக்கு ஊசி போட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. படிவம் ஒன்று வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பெண்கள் எல்லாருக்கும் உண்டு. "கை செத்துப் போச்சு லா, என் பேக்க நீ தூக்கு" என்று பையை என் தோளில் மாட்டிவிட்டு, அதே கையை வீசிக்கொண்டு கேண்டினுக்கு ஓடினாள். நாளை எங்கள் வகுப்பு.

மருத்துவமனையிலிருந்து நீயும் அந்த வாசனையோடுதான் வருவாய்.

அம்மா என்னை நாளை அனுப்ப மாட்டாராம். அவர் உறங்கிய பிறகு குளியலறை விளக்கில் இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொன்னால் குறையுமோ என்று பார்க்கிறேன்.

உனக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து மருந்து ஏற்றத் தொடங்கியபோது, மருத்துவர் நம் நால்வரையும் உட்கார வைத்துப் பேசினார். கிருமியைக் கொல்லாமல் பலவீனமாக்கிச் செய்த ஊசி உனக்கு ஆகாது. கொன்ற கிருமியில் செய்ததைப் போடலாம். ஆனால் உன் உடம்பு அதிலிருந்து போதிய அளவு கற்றுக்கொள்ளாமல் போகலாம். ஆகவே உன்னோடு இருப்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குச் சின்னம்மை வந்ததில்லை. அதைத் தடுக்கும் ஊசி, உயிருள்ள கிருமியில் செய்தது, எனக்கு என்று முடிவானது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும்போது இரயிலில் அழுதேன். நீ நம் அடுக்குமாடி வாசலில் காவல் நிற்கும் ஜாகாவை உவமைக்கு இழுத்தாய். "உயிருள்ளதுன்னா, திருடன் கையக் கட்டி வாசல்ல விடுறாங்க. ஜாகா கட்டிப் புரண்டு கத்துக்குவாரு. கொன்னதுன்னா, திருடன் பொணத்தக் காட்டுறாங்க. பார்த்து வெச்சுக்குவாரு, ஆனா மறந்துருவாரு. மறுபடி காட்டணும்."

"கோவிட்டுக்கு அம்மாவுக்குப் போட்டது?"

"அது திருடன் மூஞ்சிய வரைய உடம்புக்கே சொல்லிக் குடுக்கிறது. அம்மா ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தாங்களே, ஜாகா விசில் அடிச்ச சத்தம் அது."

அப்பாவுக்குப் போட்டது கொன்ற வகை. காய்ச்சலே வரவில்லை. "எனக்கு மட்டும் தண்ணிய ஏத்திட்டானுங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். காய்ச்சல் வராவிட்டாலும் ஊசி வேலை செய்யும் என்று நீ எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை.

"உன் ஜாகா எங்க?" என்று கேட்டேன்.

"மருந்துல தூங்குறாரு. நீ உன் ஆள எழுப்பு."

ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து என் வயிற்றில் நாலு கொப்புளங்கள் வந்தன. சிலருக்கு அப்படி வரும், காயும்வரை உன்னிடமிருந்து தள்ளி இருக்கட்டும் என்றார் மருத்துவர். அப்பா என்னைக் கிள்ளானில் சித்தி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். அம்மா அதற்குள் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். "ஆத்தா வந்திருக்கிற பிள்ளைய வாசல் தாண்ட விடுவாங்களா?" நான் வீட்டில் இருந்தேன், நீ கிள்ளானுக்குப் போனாய். காரில் ஏறும்போது மாடியைப் பார்த்துக் கத்தினாய்: "ஏய், உன் ஆத்தாகிட்ட சொல்லு, என் கட்டில்ல படுக்கக் கூடாதுன்னு!"

கொப்புளங்கள் காய்ந்ததும் திரும்பி வந்தாய். உன் உடம்பில் ஒரு பொட்டு இல்லை. சில மாதம் கழித்து உன் நுரையீரலைக் கெடுத்தது ஒரு பூஞ்சை. மருத்துவர் அப்பாவிடம் அப்படிச் சொன்னதை நானே கதவருகில் நின்று கேட்டேன். அம்மாவின் கணக்கு வேறு. இன்று சாப்பாட்டின்போது அது வெளியே வந்தது.

"நாளைக்கு உனக்கு ஸ்கூல் இல்ல."

"டாக்டர்தான் சொன்னாரே, அதுக்கும் இதுக்கும்..." என்று அப்பா தொடங்கினார்.

"டாக்டர் சொல்லுவாரு. இவளுக்குப் போட்டாங்க, ஆத்தா வந்தா, பெரியவ போயிட்டா. நான் கண்ணால பார்த்தேங்க."

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

நாளைய ஊசியில் உயிருள்ள கிருமியும் இல்லை, கொன்றதும் இல்லை. கிருமியின் மேல்கூட்டைப் போலச் செய்த வெற்று ஓடு மட்டும். கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். பயத்தில் மயங்குகிறவர்களும் உண்டு. அதனால் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் விடுவார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குப் பயம் ஊசியிடம் இல்லை. அம்மா சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்பதுதான்.

நாளை ஊசி இல்லை, உடற்பயிற்சி மட்டும்தான் என்று பொய் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டது போலாகிவிடும். ஆகவே சீருடையோடு அடுப்படிக்குப் போய், என் கொப்புளத்தால் அக்கா சாகவில்லை என்று சொல்லப்போகிறேன். அந்த வாக்கியத்தை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா அடிக்கலாம். அழலாம். சொன்ன பிறகு அவர் அனுப்பாவிட்டால், அடுத்த நாளும் சொல்வேன்.

சின்னம்மையை எதிர்க்க என் உடம்பு கற்றுக்கொண்டது பல வருடம் நிற்குமாம். உனக்காகக் கற்றுக்கொண்டது. நீ இல்லை என்பது அதற்குத் தெரியாது.