திரையின் அடியில் ஓடிய வரி

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

இன்றைக்குப் பதினொரு சாவு. சூலூர்ப் பக்கம் மட்டும் நான்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பிப் போன் போட்டு, சேதி சொன்னவரை விட்டு இன்னொருவரிடம் பெயரையும் எடுக்கும் நேரத்தையும் சரிபார்த்து, காலை ஆறு மணிக்குத் திரையின் அடியில் ஸ்க்ரோலில் ஓடவிட்டேன். எங்கள் உள்ளூர் சேனல் நொய்யல் டிவியில் பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. மின்தடை, நூல் விலை, மழை எல்லாமும்தான் அடிக்கிறேன். ஆனால் யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், “எழவு சேதி போடறவிங்களா?” என்றுதான் கேட்கிறார்கள்.

மதியம் மீட்டிங். சென்னையிலிருந்து ரித்திகா என்றொரு பெண் வந்திருந்தாள். சேனலுக்குப் பெயர், லோகோ, நிறம் எல்லாம் மாற்றிக் கொடுக்கிற கம்பெனியாம். விஜயதசமியிலிருந்து, நொய்யலின் ஆங்கில முதலெழுத்தை வைத்து, நாங்கள் ‘என் 24’. முழுக்க எச்.டி. இங்கிருக்கும் மெஷின்களை எடுத்துவிட்டு, சென்னையில் உட்கார்ந்தபடியே ஒளிபரப்பை ஓட்டப் போகிறார்கள். ஸ்க்ரோலும் அங்கிருந்தே வரும்.

“காலைல டிவி போட்டதும் சாவா மேடம்? பிராண்டுக்கு நல்லா இல்ல” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முதலாளி சுந்தரராஜுலு தலையாட்டினார். துக்க வரி போகிறது.

ஆகஸ்ட் 19

முதுகு வலி. அப்பாவுக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். திரும்ப ஒரு நடை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏன் இத்தனை பதைக்கிறேன்? வேலை போகாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகென்ன?

எழுதித்தான் பார்க்கிறேன். அப்பாவுக்கு எண்பத்தொன்று. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துடியலூரில் என்னோடு இருக்கிறார். அண்ணன் சென்னிமலையில் பெட்ஷீட் தறி போட்டிருக்கிறான். பதினொரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

அம்மா போனது ஒரு புதன்கிழமை. அண்ணன் நூல் விஷயமாக வெளியூர் போயிருந்தான், ரயிலில் வந்துகொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்கு முன்னால் எடுத்தே ஆகவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். சித்தப்பா மகன் அருண்குமார் கொள்ளி வைத்தான். அண்ணன் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தான். வாசலைக் கழுவிவிட்டிருந்தோம். அவன் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “நீதானே டிவில நேரம் போட்டே?” என்றான். ஆமாம். ‘பகல் 11.30 மணிக்கு’ என்று அடித்தது நான்தான்.

இங்கே சண்டைக்காரர்களுக்குள் சாவுச் சேதியை யார் முதலில் சொல்வது என்பதே ஒரு சண்டை. சொந்தக்காரர்களும் நடுவில் வரமாட்டார்கள், “அவிங்களே சொல்லோணும்” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். டிவியில் வந்துவிட்டால் வம்பில்லை. யாரும் யாரையும் கூப்பிட்டதாக இல்லை. “டிவில பார்த்துப்போட்டு வந்தேனுங்க” என்று வந்து நின்றால் யாருடைய மானமும் போகாது. அப்படி எத்தனை பங்காளிகள் ஒன்று சேர்ந்ததை நானே கேட்டிருக்கிறேன்!

அப்பாவுக்கும் அந்த வரிதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு வருவான், இந்தத் தடவை நேரத்துக்கு வருவான் என்று. அதைத்தான் எடுக்கிறார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதலாளியிடம் போய்ப் பேசினேன். காலை ஆறிலிருந்து ஆறரை வரைக்கும் மட்டுமாவது விடுங்கள் என்றேன். “ஏம்மா, காலம் மாறுதில்ல? எல்லார் கையிலயும் போன் இருக்குது” என்றார். போன் இருக்கிறது சார். எடுத்துப் பேசுகிற வாய் இல்லை. இதை மனசுக்குள்தான் சொன்னேன். எப்போதும்போல.

அண்ணனுக்கு நானே போன் போட்டால் என்ன? நம்பர் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? அப்பா இன்னும் சாகவில்லை என்றா?

செப்டம்பர் 22

சோர்வு. ஆறு சாவு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நாளைக்குக் கழற்றப் போகிற மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஒளிபரப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஷாநவாஸ்தான் அதற்குப் பூ வாங்கி வந்தான். “கோட்டைமேட்டுல இருந்து வர வழியில வாங்கினேன்க்கா. பதினாலு வருசம் சோறு போட்டுச்சு, சும்மா அனுப்பறதா?” என்றான்.

கடைசி வரி, பாப்பம்பட்டியில் ஒரு அம்மா. மாலை நாலு மணிக்கு என்று அடித்தேன்.

போன் மட்டும் பாக்கி. அந்தப் பழைய லேண்ட்லைனையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். சேதி சொல்லக் கூப்பிடுங்கள் என்று பத்தொன்பது வருடமாகத் திரையில் ஓடிய நம்பர் அது. மாதக் கடைசி வரைக்குமாவது விட்டுவை என்று ஷாநவாஸிடம் கேட்டுக்கொண்டேன். அவன் அதற்கும் ஒரு பொட்டு வைத்தான்.

அக்டோபர் 2, வியாழன்

என் 24 வந்துவிட்டது. செய்தி வாசிக்கிற பெண் வெறும் பச்சைத் துணி முன்னால் நிற்கிறாள். டிவியில் பார்த்தால் கண்ணாடி மாளிகைக்குள் நிற்கிறாள். படம் பளிச்சென்று இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். சென்னையிலிருந்து வந்த முதல் ஸ்க்ரோலிலேயே சென்னிமலை தப்பாகச் சேலம் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

“இனி கரண்டு போனா ஜெனரேட்டர் போடறதுதான்க்கா நம்ம டெக்னாலஜி” என்றான் ஷாநவாஸ். எனக்கு யூடியூப் வீடியோக்களுக்குத் தலைப்பு அடிக்கிற வேலை. அதே காலை ஷிப்ட்.

அக்டோபர் 7

லேண்ட்லைன் ஓயவில்லை. “ஏனுங்க, எங்கூட்டு டிவில அந்த வரி தெரியறதில்லீங்க, ரிப்பேருங்களா?” நிறுத்திவிட்டோம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒருவர் திட்டினார். திட்டட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலை ஆறேகால். லேண்ட்லைன் அடித்தது.

“ஏனுங்க, நொய்யல் டிவிங்களா?”

அந்த ‘ஏனுங்க’விலேயே தெரிந்துவிட்டது. அண்ணன். ஆமாங்க என்றேன்.

“எழவு சேதி இப்பப் போடறதில்லீங்களா?”

“இல்லீங்க. நிறுத்திப்போட்டாங்க.”

“செரிங்க.” வைக்கவில்லை. பின்னால் தறிச் சத்தம். “துடியலூர்ப் பக்கம் இந்த ரெண்டு வாரத்துல ஏதாச்சும் இருந்துச்சுங்களா? வயசானவிங்க… எம்பது தாண்டுனவிங்க…”

பொறுக்க முடியவில்லை. “இல்லீங்கண்ணா. அப்பா நல்லா இருக்காருங்கண்ணா.”

தறிச் சத்தம் நின்றது. வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

“பதனோரு வருசமா தெனமும் அதைப் பார்த்துப்போட்டுத்தான் அம்மணி காபி குடிப்பேன். பேரு வரலீன்னா, செரி, இருக்காருன்னு குடிப்பேன். இப்ப ரெண்டு வாரமா குடிக்க முடியல.”

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அப்படியென்றால் அவன் தினமும்… நான் அடித்த ஒவ்வொரு வரியையும்… அய்யோ. மெஷினிருந்த மேஜையில் தலையை வைத்து அழுதேன். ஷாநவாஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

அக்டோபர் 19, ஞாயிறு

அண்ணன் வந்தான். காலை ஏழு மணிக்கே, வெறும் கையோடு. தலை பாதி நரைத்துவிட்டது. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணன் நிலைப்படியிலேயே நின்றான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர்.

“காபி குடிச்சியா?” என்றார்.

“இல்லீங்கப்பா.”

நான் அடுப்படிக்குப் போனேன். அந்த வரியைக் காப்பாற்ற எத்தனை மல்லுக்கட்டினேன். அது ஓடிக்கொண்டிருந்திருந்தால் இவன் இன்றைக்கு வந்திருக்கமாட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பால் பொங்கிவிட்டது.

அக்டோபர் 31

லேண்ட்லைனைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று முன்தினம் விடியற்காலை அப்பா போய்விட்டார். முந்தின நாளே மூச்சுத் திணறல். அண்ணன் ராத்திரியெல்லாம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கும் புதன்கிழமை. எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். அண்ணனைக் கேளுங்கள் என்றேன். பன்னிரண்டுக்கு ராகு காலம் வருகிறதே என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

“அருண்குமார் பெங்களூர்ல இருந்து வந்துட்டிருக்கானுங்க. அவன் வந்தொடனே எடுத்துக்கலாம்” என்றான் அண்ணன்.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அருண்குமார் வர ஒன்றேமுக்கால் ஆனது. அதுவரைக்கும் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.