யூலை மாதத்துக் காஸ் காசு

எட்மண்டன், லண்டன்,
6.12.2009

அன்பு மருமகள் தாரகாவுக்கு,

போன கிழமை பழைய பாங்க் கடிதமொன்றில், ஹீட்டரே போடாத யூலையிலும் காஸுக்கு அறுபது பவுண்ஸ் போயிருந்ததைக் கண்டு, "என்ர மகன்ர காசை ஆருக்குக் குடுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். நீ பேத்தியோடு சட்டனிலுள்ள உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்றுப் பக்கத்து வீட்டுத் தவமலர் காஸ் கம்பனிக் கடிதத்தை வாசித்துச் சொன்னாள். வருடம் முழுவதும் எரியப்போவதைக் கணக்கிட்டுப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் ஒரேயளவு எடுப்பார்களாம். "கோடையில கட்டின காசிலதான் மாமி இப்ப குளிர் காயிறியள்" என்றாள். ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த எனக்கும் பன்னிரண்டால் பிரிக்கத் தெரியும். உன்னிடம் கேட்டறியத்தான் என் ரோசம் விடவில்லை.

அக்காவுக்குச் சுகமில்லை என்று மட்டும் என் மகனிடம் சொல்லி, என் மரியாதையைக் காத்தாய். அதற்கு நன்றி, பிள்ளை. உண்மையை இன்று காலை நானே அவனிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இருவருமாக உங்களைக் கூட்டிப்போக வருகிறோம்.

உன் மாமி