அப்பாவிடம் வாங்காத சம்மதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு உடம்பு தேறி வருகிறது, வலது காலைக் கொஞ்சம் ஊன்றுகிறார், பேச்சுதான் இன்னும் வரவில்லை. எனக்கு முட்டிவலி, அது கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது, விடு. ஆனால் வீடு நன்றாக இல்லை, நானும் உன் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

சின்னவன் எடுத்த படத்தை ஒரு கம்பெனி வாங்கிக்கொள்ள வந்திருப்பது உனக்குத் தெரியாததா, அவனுக்கு வக்கீலே நீதானே. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பஸ்ஸுக்கு என்ன கோளாறு என்று சொன்ன மனுஷர், உன் அப்பா, பக்கவாதம் வந்து ஒரு சொல்லுக்குத் திணறுவதை வருஷம் முழுக்க எடுத்திருக்கிறான். முகம் தெரிகிற எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குடா, ஒன்று குறைந்தாலும் கம்பெனி தொடாது என்று நீ முதலிலிருந்தே தலைபாடாய் அடித்துக்கொண்டாய். அவனும் அப்பாவின் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் வாங்கினான், மருந்துக்கடைக்காரரிடம் வாங்கினான், லிஃப்டில் ஒரு நொடி தலையைக் காட்டிய எதிர்வீட்டுக்காரரைக்கூட விடவில்லை. அப்பாவிடம் மட்டும் வாங்கவில்லை. பெற்ற அப்பனிடம் போய்க் காகிதத்தை நீட்டுவதா என்று இருந்துவிட்டானாம். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் படம் வேண்டாம் என்று கம்பெனி சொன்ன பிறகுதான் ஐயாவுக்கு விழிப்பு வந்தது.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டு அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது, போடலாமா என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “அம்மா, நான் தம்பிக்குத்தான் வக்கீல். அப்பாவுக்கு நான் யோசனை சொல்லக் கூடாது, வேற ஆளைப் பாரு.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்று வளர்த்துப் படிக்கவைத்தால் பெண் இப்படித்தான் பேசுமோ என்று போனை வைத்துவிட்டு அன்று முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ பிறகு கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம், குளியலறையில் இருந்தேன் என்று மெசேஜ் போட்டது பொய்.

மறுநாள் சின்னவன் காகிதத்தை என் முன்னால் வைத்து, அப்பா பெயருக்கு நேராக நீயே போட்டுவிடு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றான். இந்தப் பிரபஞ்சம் முழுவதும், எக்காலத்துக்கும் காட்டிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. செவ்வாய் கிரகத்தில் எவன் டிக்கெட் வாங்கப் போகிறான் என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்துவிட்டேன் கண்ணு. அப்போதுதான் வேற ஆளைப் பாரு என்று நீ சொன்னது உறுத்தியது. மூடி வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பெண் வக்கீலிடம் போனேன். நீ செய்ததுதான் சரி, ஒரே வக்கீல் இரண்டு பக்கமும் நிற்க முடியாது என்றாள். அப்பாவுக்குப் பேச்சுதான் இல்லை, புத்தி தெளிவாக இருக்கிறது, அவருக்காக நானும் போட முடியாது, சின்னவனும் போட முடியாது என்றாள். பிறகு, “அவரைக் கேட்டீங்களா?” என்றாள். ஒருத்தரும் கேட்கவில்லையே.

வீட்டுக்கு வந்து, படத்தை அவருக்குப் போட்டுக் காட்டு என்று சின்னவனை உட்காரவைத்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். என் பெயரைச் சொல்ல முயன்று முயன்று வராமல், எச்சில் வழிய அவர் அழுகிற இடம் வந்தது. இடது கையை நீட்டி லேப்டாப்பை மூடிவிட்டார். படத்துக்கு உயிரே அந்த இடம்தான் என்று சின்னவன் கெஞ்சினான். மறுபடி திறந்தான், மறுபடி மூடினார். அந்த இடத்தை எடுத்துவிட்டால் மற்றதைக் காட்டலாமா என்று நான் கேட்டேன். லேப்டாப்பைச் சின்னவன் பக்கம் தள்ளிவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

சின்னவன் விடுவதாயில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள், எடுக்கட்டுமா என்று கேட்டபோது அப்பா தலையாட்டியது படத்திலேயே இருக்கிறதாம், அது போதுமாம், உன்னிடம் கேட்கப் போகிறானாம். அன்றைக்கு அவர் தண்ணீர் வேண்டுமா என்றாலும் தலையாட்டினார், வேண்டாமா என்றாலும் தலையாட்டினார். சட்டத்தில் அதற்கு வழி இருந்தாலும் இருக்கும், இருந்தால் அவனிடம் சொல்வது உன் வேலை, நான் குறுக்கே நிற்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் பாவமாக இருக்கிறது, அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, கம்பெனி கைவிட்டால் துவண்டுபோவான். ஆனால் அவனுக்கு நீ இருக்கிறாய், அப்பாவுக்கு நான்தான் இருக்கிறேன். அந்த இடத்தைக் காட்டக் கூடாது என்று மாடி வக்கீல் உனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறாள். உறையைப் பார்த்துப் பயந்துவிடாதே, எதிர்க்கட்சி உன் அம்மாவும் அப்பாவும்தான்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் வாக்குக்கு எங்கேயும் மதிப்பு இருக்க வேண்டும். போன் பண்ணு, இனி எடுப்பேன், கேஸைப் பற்றிப் பேச வேண்டாம், என்ன சமைத்தாய் என்று சொன்னால் போதும். கீழே கோணல்மாணலாக இருப்பது அப்பா, இடது கையால் அவரே போட்டது. உனக்கு எழுதுகிறேன் என்றதும் பேனாவைக் கேட்டு வாங்கினார். இது மகளுக்குப் போட்ட கையெழுத்து, தம்பியின் காகிதத்துக்கு ஆகாது.

இப்படிக்கு
அம்மா, அப்பா