சின்னப்பொண்ணுவின் இரண்டு உறைகள்

என் பிரியமான அக்கா,

நீ வேலையை விட்டுப் போன பிறகு உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரியின் பதிவறை. ஜன்னலுக்கு வெளியே மலை அப்படியே இருக்கிறது. உள்ளேதான் மாறிவிட்டது.

நோயாளிக்கு ஓர் உறை. அதுதான் உன் முறை. வந்தது, போனது, மருந்து, எக்ஸ்ரே, யார் கூட வந்தார்கள் என்பதுகூட அதற்குள். ஒருவர் உறைபோல் இன்னொருவருடையது இருக்காது. எடுத்தால் முழு ஆள் கைக்கு வந்துவிடுவார். பீரோ நிறைந்தால் பக்கத்தில் இன்னொரு பீரோ.

"இது ஆபீஸா, சந்தை மூட்டையா?" என்றார் புது மேனேஜர். மூன்று ரிஜிஸ்தர் போட்டார். ஒன்றில் பெயர், ஊர், ஓர் எண். மற்றவற்றில் வந்த நாளும் நோயும் மருந்தும். அங்கே பெயர் கிடையாது, அந்த எண் மட்டும். ஊர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ரெட்டியார்சத்திரத்துக் காய்ச்சல்காரர்கள் எத்தனை பேர் என்றால் சீக்கிரம் சொல்லிவிடலாம். உன் முறையில் எல்லா உறையையும் பிரிக்க வேண்டும்.

கட்டம் இல்லாத விஷயத்தை எங்கே எழுதுவது என்று கேட்டேன்.

"கட்டம் இல்லைன்னா அது தேவையில்லைன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அந்தக் கோடுகள்மேல் எனக்குச் சந்தேகம். உறைகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடவும் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆரோக்கியமேரியை வண்டியில் கொண்டுவந்தார்கள். காலில் சீழ். நினைவில்லை. நர்ஸ் பென்சிலின் ஊசியோடு நின்றார். "முன்னாடி இது ஒத்துக்காம போயிருக்கா?"

"கல்யாணத்துக்கு முந்தி நடந்தது எனக்கென்ன தெரியும்?" என்றார் புருஷன். ரிஜிஸ்தரில் அதற்குக் கட்டமே இல்லை. உன் பீரோவிலிருந்து ஆரோக்கியமேரி உறையை எடுத்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

"ஏ புள்ள, சின்னப்பொண்ணு! கண்ணத் தெறந்து பாரு புள்ள!" என்று புருஷன் அவளை உலுக்கினார்.

"யாரு சின்னப்பொண்ணு?" என்றேன்.

"இவதான் சார். மேரிங்கிறதெல்லாம் மாதா கோயில்லதான்."

சின்னப்பொண்ணு என்று இன்னோர் உறை இருந்தது. உன் கையெழுத்து: பென்சிலின் ஆகாது, மூச்சு முட்டியது.

வேறு மருந்து கொடுத்தார்கள். நேற்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தொட்டுக்க வெஞ்சனம் இல்லாம இந்தக் கஞ்சிய யாரு குடிக்கிறது?" என்று நர்ஸோடு சண்டை.

உன் உறைதான் காப்பாற்றியது என்று மேனேஜரிடம் சொன்னேன். "ஒரு பொம்பளைக்கு ரெண்டு உறை எப்படி வந்துச்சு?" என்றார். இரண்டு உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் கோயில் பெயரைச் சொல்லியிருப்பாள். வலியோடு வந்த நாளில் வீட்டுப் பெயரை. அவள் சொன்னதை நீ எழுதினாய். மேனேஜர் முறையில் மட்டும் என்ன? இரண்டு பெயருக்கு இரண்டு எண் விழுந்திருக்காதா?

பேப்பர்காரனை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு.

உறைகளைப் போக விடமாட்டேன் அக்கா. ஒவ்வொன்றின்மேலும் ரிஜிஸ்தர் எண்ணை எழுதி வருகிறேன். ஆனால் உறை, ரிஜிஸ்தர் இரண்டையுமே முழுசாக நம்பமாட்டேன். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?

நீ மட்டும் அப்பு என்று கூப்பிட்ட,
உன் தம்பி