பப்படத்தின் கால் வலியும் உன் கை வலியும்

அப்பா,

இன்றைக்குக் காலையில் அம்மா அலமாரியைத் திறந்தபோது உன் தைல வாசனை வந்தது. பாட்டிலைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை, கண்ணில் படும்படி வைக்கவும் முடியவில்லை. புடவைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாள். வாசலில் படுத்திருந்த நம் பூனை பப்படம் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு முன்காலை நொண்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போயிற்று. மழையில் பாசி பிடித்த மதிலிலிருந்து நேற்றுச் சறுக்கி விழுந்திருக்கிறது.

"பூனை நொண்டறதுடி," என்றாள் அம்மா.

"பார்த்தேம்மா," என்றேன்.

சின்ன வலி என்று நீ சொன்ன ஒன்றுதான் உன்னைக் கொண்டுபோயிற்று. அந்த வார்த்தையை இந்த வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

போன வருஷமும் இப்படித்தான் அது நொண்டியது. ஓணத்துக்கு முன்னால், மழை விட்டும் விடாமலும் இருந்த நாட்கள். நீ கல்யாணச் சமையலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். வேட்டியை மடித்துக் கட்டியபடியே தரையில் உட்கார்ந்து, பப்படத்தை மடியில் போட்டு, காலை அமுக்கிப் பார்த்தாய். உருளி தூக்கித் தூக்கித் தோள் நோகும்போதெல்லாம் நீ தடவிக்கொள்ளும் தைலத்தை அதன் காலிலும் தேய்த்தாய். உன் தோளுக்குத் தேய்ப்பதைவிட மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு.

"ஆத்துல மனுஷாளுக்கு நோவு வந்தா கேக்க ஆளில்லை. பூனைக்கு உழிச்சல் நடக்கறது," என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

"அது வாய் விட்டுச் சொல்லாதாக்கும். நீதான் நன்னா சொல்றயே," என்றாய்.

போகிற போக்கில் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பாதியாக உடைத்து என் கையில் வைத்தாய். "மத்தியானம் மோர்சாதத்துல பொடிச்சுப் போட்டுக் கொடு. நமக்கு வலி போறதோன்னோ, அதுக்கும் போகும்." உன் தட்டில் இருப்பதைத்தான் எப்போதும் அதற்கும் வைப்பாய். மருந்தையும் அப்படித்தான் பங்கு போட்டாய்.

நீ போன கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வலியசாலையில் சமைக்கிற வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பப்படம் காலை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுக ஆரம்பித்தது. வாந்தி எடுத்தது. சுவரோரமாகப் போய்க் குனிந்து நின்றது. உனக்கு ஃபோன் பண்ணினேன். அடுப்புச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

நான் ஒன்பதாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டது ஏனென்று உனக்குத் தெரியும். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் என் குரல் வராது. வராத குரலைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால்கூட நான் உள்ளே போய்விடுகிறவள். அன்றைக்கு வீட்டில் வேறு யாருமில்லை. பூனைக்குத் தடுப்பூசி போட்டபோது கொடுத்த அட்டையில் மிருக டாக்டரின் எண் இருந்தது. இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டுக் கட் பண்ணினேன். மூன்றாவது தடவை அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"கரயண்டா மோளே, பதுக்கெப் பறஞ்ஞால் மதி," என்றார் டாக்டர். அழ வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும் என்று. நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தைலம் என்றதும் கற்பூரம் உள்ளதா என்று கேட்டார். மாத்திரை ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டார். இல்லை, கையில் இருக்கிறது என்றேன். அதைக் குப்பையில் போடு, அந்தப் பாதி மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல என்றார். மனுஷர் மாத்திரை எதுவுமே பூனைக்கு ஆகாதாம். தைலத்தை மேலே பூசினாலும் நக்கி உள்ளே இறக்கிக்கொள்ளுமாம்.

அவர் சொன்னபடி பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொஞ்சமாக வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் காலைக் கழுவினேன். கழுவும்போது என் முழங்கையைக் கிழித்துவிட்டது. மறுபடி நக்காதபடி துண்டில் இறுக்கிச் சுற்றி, காய்கறிக் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். ஊசி போட்டு, சாயந்திரம்வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கால் முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள். அதற்கு வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பினார்கள்.

நீ வந்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கிணற்றடிக்குப் போனாய். நீ கை கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, அது படுத்திருந்த கூடைக்கு எதிரே உட்கார்ந்தாய். தொடவில்லை.

"என் கையாலதானே போட்டேன்," என்றாய்.

அதற்கப்புறம் நீதான் அதற்கு நர்ஸ். பக்கவாட்டை வெட்டித் தாழ்த்திய அட்டைப்பெட்டிக்குள் பழைய வேட்டியை விரித்தாய், அது ஏறிக் குதிக்க வேண்டியிராதபடி. தண்ணியும் சோறும், வெளிக்குப் போக மண் நிரப்பிய தட்டும் கைக்கெட்டும் தூரத்தில். ஐஸைத் துணியில் சுற்றி, பப்படம் பொறுத்துக்கொள்கிற வரைக்கும் காலில் வைப்பாய். அது காலை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுவாய். அமுக்கக்கூடாது, இழுத்துப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மாவுக்கே திரும்பச் சொல்வாய். தினமும் காலையில் என்னிடம் கேட்பாய்:

"டாக்டரம்மா, பேஷண்ட் எப்படி?"

"சாதம் சாப்பிட்டது. மூச்சு நன்னா இருக்கு. காலை ஊணறது."

அதுதான் டாக்டர் கொடுத்த அளவுகோல். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, மூச்சு மாறினாலோ அப்போதே கூட்டிவர வேண்டும். ஒரு ராத்திரி போயும் காலை ஊன்றாவிட்டாலும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. பப்படம் காலை ஊன்றியது. ஒரு வாரத்தில் மறுபடி மதிலில் ஏறியது. நீ கீழே நின்று அதை வைதாய்.

ஓண வாரத்தில் உனக்கு இடது கை வலித்தது. சின்ன வலிதான், பிரதமன் பாயசம் கிண்டின கை என்றாய். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தைலம் தடவிக்கொண்டாய். மறுநாள் அவியலை ஒதுக்கிவிட்டு மோரை மட்டும் குடித்தாய். மாடிப்படி ஏறி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சாப்பாடும் வேண்டாங்கற. மூச்சும் வாங்கறது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நானென்ன பப்படமாடீ? தைலம் போறும் எனக்கு. நக்கவா போறேன்?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறமும் விடாமல், "வாப்பா, நானே பேசறேன் அங்க," என்றேன். நீ என் தலையில் கை வைத்தாய். "நாளைக்கு ஒரு சத்யை இருக்கு. அது முடியட்டும், போலாம்." விருந்தை ஒத்திவைக்க முடியாது, கையை ஒத்திவைக்கலாம் என்று நினைத்தாய். மறுநாள் இலை போடுவதற்கு முன்னால் மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று வந்து சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீ சமைத்த சாப்பாடு. அவர்களுக்குத் தெரியாது.

அப்பா, எனக்கு உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஒரு பூனையின் மூச்சைத் தினமும் காது கொடுத்துக் கேட்ட நீ, உன் மூச்சைக் கேட்கவில்லை.

இன்றைக்குப் பப்படத்தின் பாதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முள்ளில்லை, வீக்கம் கொஞ்சம்தான். துணியில் சுற்றிய ஐஸ் வைத்தேன். பெட்டிக்குள் படுத்திருக்கிறது. மத்தியானம் சோறு தின்றது. நாளைக் காலையில் காலை ஊன்றாவிட்டால் கூடையை எடுத்துக்கொள்வேன். டாக்டரிடம் இப்போதே ஃபோனில் சொல்லிவைத்துவிட்டேன். முதல் தடவையிலேயே பேசிவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைத் தடவினாள். "ஒண்ணுமில்லை, அடைக்கறாப்பல இருக்கு. சுக்கு வெந்நீர் போறும்," என்றாள். நான் அவளிடம் போகலாமா என்று கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு, செருப்பை அவள் காலருகில் கொண்டு வைத்தேன். பெரியாஸ்பத்திரியில் கூட்டம். வரிசையைத் தாண்டிப் போய்க் சீட்டுக் கொடுக்கிற கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று, அம்மாவுக்கு நெஞ்சு வலி, இப்போதே பார்க்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். உள்ளே இருந்த பெண்ணுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் நடுங்கியது. ஆனாலும் வந்தது.

ஈ.ஸி.ஜி. எடுத்து, ரத்தம் சோதித்து, மூன்று மணி நேரம் படுக்க வைத்துவிட்டு, வெறும் வாயு என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா திட்ட ஆரம்பித்தாள். "வாயுவுக்கா இத்தனை கூத்து? அத்தனை பேர் நடுவுல கத்தி மானத்தை வாங்கிட்டே. இனிமே உங்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணு சொல்லப்போறதில்லை, கேட்டயா?" தம்பானூரில் ஆரம்பித்தவள் கிள்ளிப்பாலம் தாண்டியும் நிறுத்தவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுவில் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். வாங்கவில்லை. கரமனையில் இறங்கி, தெருமுனை திரும்பி, வீட்டு வாசல் வரைக்கும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு வந்தாள்.